வில்லன் எப்படி வில்லன் ஆனான்? பிள்ளைகள் எழுதும் முன்கதை, பின்கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். குடும்பத்தோடு பார்த்த ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது முடிந்த மறுநாள் என்ன நடந்திருக்கும், அதில் வரும் கெட்டவன் அப்படி ஆனது எதனால் என்று எழுதுவார்கள். எழுதியதை வாசிப்பார்கள். பிறகு ஒரே சண்டைதான். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் மாடிப்படியில் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவசரத்தில் சொல்லும் பதில் எனக்கே போதாமல் படுவதால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

படம்தான் முடிந்துவிட்டதே? இன்னொருவர் எழுதிய கதையில் பிள்ளைகள் கைவைப்பது சரியா?

'மாயா பஜார்' (1957) பார்க்காத வீடு நம் பக்கம் குறைவு. அபிமன்யுவுக்கும் பலராமன் மகள் வத்சலாவுக்கும் கல்யாணம் நடத்திவைக்கக் கடோத்கசன் செய்யும் மாயங்கள்தான் படம். வியாசர் பாரதத்தில் அந்தக் கல்யாணமே கிடையாது. அபிமன்யுவின் மனைவியாக அவர் சொல்வது விராட நாட்டு உத்தரையை. பதின்மூன்றாம் நாள் போரில் செத்துப்போகும் அந்தப் பையனை நினைத்து மனம் ஆறாத யாரோ, அவனுக்கு ஓர் இளமையையும் காதலையும் பந்தி நிறையச் சாப்பாட்டையும் கற்பனை செய்து கொடுத்திருக்கிறார்கள். அது வாய்மொழியாக வளர்ந்து, கூத்தாகி, நாடகமாகி, படமாகவும் ஆனது. எங்கள் மாடியில் நடப்பதும் இதே வேலைதான்.

இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார். அந்தக் காண்டத்தின் தொடக்கத்தில் என்ன இருக்கிறது? ராமனைப் பார்க்க வந்த அகத்தியர், ராவணன் யார், எந்தக் குலம், எப்படி வரம் வாங்கினான், எப்படி இலங்கையைப் பிடித்தான் என்று விரிவாகச் சொல்கிறார். எதிராளி செத்த பிறகு, கொன்றவனே உட்கார்ந்து அவனுடைய பிறப்புக் கதையைக் கேட்கிறான். பின்கதையும் வில்லனின் முன்கதையும் ஒரே நூலில் இருக்கின்றன. இதைச் சொன்னதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்படியென்றால் ராமனும் நம்மைப் போலத்தான் டீச்சர், தெரிந்துகொள்ளாமல் அவனுக்கும் தூக்கம் வரவில்லை" என்றான். எனக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

நம் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அந்த இருவரையும் வால்மீகியும் அறியார், கம்பரும் அறியார்.

முன்கதை, பின்கதை இரண்டில் எது எளிது?

தொடங்குவதற்குப் பின்கதை எளிது, முடிப்பதற்கு முன்கதை. முன்கதையின் கடைசிப் பக்கம் ஏற்கெனவே படமாகக் கையில் இருக்கிறது. போய்ச்சேரும் ஊர் தெரியும், வழியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்கதையில் வண்டி கிளம்பிவிடும், எங்கே நிற்கும் என்று எழுதுகிறவனுக்கே தெரியாது. புதிதாக வரும் பிள்ளைக்கு நான் முன்கதையைத்தான் கொடுப்பேன்.

வில்லன் மேல் இரக்கம் வந்துவிட்டால், அவன் செய்தது சரி என்று பிள்ளை நினைத்துவிடாதா?

பெற்றோர் மிகுதியாகக் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

'டாய் ஸ்டோரி 3' (2010) படத்தில் லாட்சோ என்று ஸ்ட்ராபெரி வாசனை வீசும் இளஞ்சிவப்பு நிறக் கரடி பொம்மை வருகிறது. பார்க்க அன்பானது. ஆனால் மழலையர் காப்பகத்திலுள்ள பொம்மைகளைச் சிறைபோல் அடக்கி ஆள்கிறது. அதன் முன்கதையைச் சிரிப்பே இல்லாத கோமாளி பொம்மை ஒன்று சொல்கிறது. டெய்சி என்ற சிறுமி லாட்சோவையும் கோமாளியையும் ஒரு குழந்தை பொம்மையையும் வெளியே எடுத்துப் போனபோது மறந்து விட்டுவிடுகிறாள். மூன்றும் எத்தனையோ நாள் நடந்து வீட்டுக்குத் திரும்புகின்றன. லாட்சோ ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது. டெய்சியின் கையில் புதிதாக வாங்கிய இன்னொரு லாட்சோ. படத்தில் இதெல்லாம் சில நிமிடங்கள்தான்.

இதை நாங்கள் மூன்று முறை போட்டுப் பார்த்தோம். முதல் முறை எல்லோரும் லாட்சோ பக்கம். மூன்றாம் முறைதான் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கோமாளியும்தானே தொலைந்தது?" என்று கேட்டாள். அங்கேதான் பிள்ளைகள் பிடித்தார்கள். தொலைந்தது மூன்று பொம்மைகள். புதிதாக வாங்கி வைத்தது லாட்சோவை மட்டும்தான். ஆனால் லாட்சோ மற்ற இரண்டிடமும், "நம் எல்லோரையும்தான் மாற்றிவிட்டாள்" என்று சொல்லி, திரும்பிப் போக விடாமல் தடுத்துவிடுகிறது. ஜன்னலில் பட்ட அடிக்கு லாட்சோ பொறுப்பல்ல. ஆனால் பக்கத்தில் நின்ற குழந்தை பொம்மையின் கழுத்திலிருந்து டெய்சியின் பெயர் எழுதிய பதக்கத்தைப் பறித்தது அதன் கைதான்.

அன்றிலிருந்து முன்கதை எழுதும் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். இவனுக்கு என்ன நடந்தது? நடந்த பிறகு இவன் என்ன செய்தான்? இரண்டாவதை எழுதாமல் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி, வில்லனைப் பாவமாக்கி முடித்துவிடும் படங்களும் நிறைய வருகின்றன. அவற்றில் எனக்கு உடன்பாடில்லை. அது எழுத்தாளர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிடுவது.

நம் ஊர்ப் பாட்டுக்காரர்கள் இதை என்றைக்கோ அறிந்திருந்தார்கள். பொய்யான அழுகையை 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். அந்த நீலியை நாங்கள் நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டில் வைத்துப் பாடுகிறோம். வடக்கே பழையனூரிலும் இவள் கதை உண்டு. கள்ளிக்கிளையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைத் தன் கணவன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் அழுது நம்பவைக்கிறாள். அவன் வேண்டாம் என்று கெஞ்சியும் அவனோடு ஒரு வீட்டில் அவளைத் தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம் கிடக்கிறது. பழமொழியில் மிஞ்சியது இவ்வளவுதான். வில்லுப்பாட்டு இதற்கு முந்திய பிறவியிலிருந்து தொடங்குகிறது. காதலித்தவனை நம்பி வீட்டைவிட்டு வந்த பெண், அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது நகைக்காகக் கொல்லப்படுகிறாள். அந்தக் காட்டில் அவளுக்குச் சாட்சி நின்றது கள்ளிச்செடி மட்டும்தான். பின்னால் அவள் இடுப்பில் பிள்ளையாக வருவது அந்தக் கள்ளிதான்.

ஆனால் பாட்டு அங்கே நின்றுவிடுவதில்லை. "அவனுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்த எழுபது பெரியவர்களும் வாக்குத் தவறியதற்காக உயிரை விடுகிறார்கள். அவர்கள் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். கொடைவிழாவில் நள்ளிரவில் அந்த இடம் வரும்போது குடமும் உடுக்கும் தணிந்துவிடும். நீலிக்காக அழுத அதே கூட்டம் அந்த எழுபது பேருக்காகவும் அழும். சிறு வயதில் பாட்டியின் முந்தானைக்குள் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன். யார் பக்கம் என்று பாட்டியிடம் கேட்டதற்கு, "கேளு மக்களே, பேசாமல் கேளு" என்று மட்டும் சொன்னார்.

ஒரே வில்லனுக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு முன்கதை எழுதினால் எது சரி?

இரண்டும். 'லயன் கிங்' (1994) படத்தில் அண்ணனைக் கொன்று காட்டைப் பிடிக்கும் ஸ்கார் என்ற சிங்கத்தின் கண்ணருகே ஒரு தழும்பு இருக்கும். எப்படி வந்தது என்று படம் சொல்லாது. அதே ஆண்டு அந்தப் படத்தையொட்டி வந்த சிறுவர் நூல் ஒன்றில், அதன் பழைய பெயர் டாக்கா என்றும் காட்டெருமையிடம் பட்ட காயம் அது என்றும் இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 'முஃபாசா' (2024) வந்தது. டாக்கா என்ற பெயர் நிலைத்தது, எருமை போய்விட்டது. இதில் டாக்கா இளவரசன், தண்ணீரில் அடித்துவரப்பட்ட முஃபாசாவைக் காப்பாற்றிச் சகோதரன்போல் சேர்த்துக்கொள்பவன். பிறகு பொறாமையில் காட்டிக்கொடுக்கிறான். கடைசி நேரத்தில் மனம் மாறிக் குறுக்கே பாய்ந்தபோது பட்ட அடிதான் தழும்பு என்று கதை மாறிவிட்டது. படத்துக்குச் சொந்தக்காரர்களிடமே ஒரு தழும்புக்கு இரண்டு கதை இருக்கும்போது, எங்கள் மாடியில் ஐந்து இருந்தால் என்ன?

எல்லா வில்லனுக்கும் முன்கதை வேண்டுமா?

வேண்டாம். சில படங்களில் கெட்டவன் மழைபோல, இடிபோல வருகிறான். அவனுக்குச் சின்ன வயதுத் துயரம் ஒன்றை ஒட்டவைத்தால் பயமும் போய்விடும், கதையும் தளர்ந்துவிடும். படம் பார்த்த இரவு பிள்ளை தானாக "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேட்டால் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பழைய தமிழ்ப் படம் எதிலாவது தொடங்கலாமா?

'பாதாள பைரவி' (1951). எஸ். வி. ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதி, பலிகொடுக்கத் துணிச்சலான ஓர் இளைஞனைத் தேடி உஜ்ஜயினி வருகிறான். கேட்ட வரம் தரும் சிலை அவனுக்கு வேண்டும். எதற்காக? நேபாளத்தில் அவனுக்கு யார் இருந்தார்கள்? படம் ஒன்றும் சொல்வதில்லை, எழுதுகிறவனுக்கு முழு நிலமும் காலியாகக் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் மந்திரவாதியை விட்டுவிட்டு, கூடவே வரும் சீடன் சதாஜபனை எடுத்துக்கொண்டான். குரு யாரையாவது பலிகொடுக்கப் போகிறார் என்று தெரிந்தும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன் மனத்தில் என்ன ஓடும் என்பதுதான் அவன் கதை. இரண்டே பக்கம். அந்த ஆண்டு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

பின்கதை எழுதும்போது பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் படத்து வில்லனைவிடப் பெரிய வில்லன் ஒருவனைக் கொண்டுவருவதில். அவனைவிடப் பெரியவன், பிறகு அவனுக்கும் அண்ணன். நாலாவது பக்கத்தில் உலகமே அழியும் நிலைமை வந்துவிடும், எழுதுகிறவனுக்குச் சலித்துவிடும். நான் சொல்வது, படம் முடிந்த மறுநாள் காலையில் தொடங்குங்கள். அரக்கன் செத்துவிட்டான், சரி. அவன் கோட்டையைப் பெருக்குவது யார்? அவனிடம் வேலை பார்த்தவர்களுக்கு இனிச் சாப்பாடு எங்கே?

வில்லன் நாகர்கோவில் தமிழில் பேசலாமா? பள்ளியில் அதை அடித்துத் திருத்துகிறார்களே.

பள்ளிக் கட்டுரை வேறு, கதையில் ஒருவர் வாய்திறந்து பேசுவது வேறு. நம் பேச்சைச் சினிமாவில் சிரிப்பு நடிகர்கள் வாயில்தான் அதிகம் கேட்டிருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 'ஓர்மை' என்ற சொல்லை நினைவு என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள் ஒரு பெண். "எனக்கு எல்லாம் ஓர்மை இருக்கு" என்று ஒரு வில்லன் மெதுவாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவளையே சொல்லிப்பார்க்கச் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. அந்த வரி அப்படியே நின்றது.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

பிள்ளை தன் நோட்டில் எழுதித் தோழர்களிடம் வாசித்துக் காட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. அச்சிட்டு விற்பதோ, படமாக எடுப்பதோ வேறு விஷயம். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு உரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நூலுக்கு, எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டுகள். நீலிக்கும் ராவணனுக்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக் காலம் கடந்த கதையிலிருந்து பெரிய வேலை செய்தவர்களும் உண்டு. எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் நாட்டுக் கதையில் ஒரு பொல்லாத சூனியக்காரிக்குப் பெயர்கூட இல்லை. 1995இல் கிரெகரி மக்வயர் அவளை நாயகியாக்கி 'விக்கெட்' நாவலை எழுதியபோது, பாமின் பெயரிலுள்ள முதல் எழுத்துகளான எல், எஃப், பி மூன்றின் ஒலியிலிருந்து அவளுக்கு எல்ஃபபா என்று பெயர் வைத்தார். 2003இல் மேடைக்கு வந்து, 2024இல் திரைக்கும் வந்தது. கதையைக் கொடுத்தவரின் பெயரையே கதாபாத்திரத்துக்குள் வைத்துத் தைத்த அந்த மரியாதையைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன்.

படம் வேண்டாம், நம் ஊர்க் கதையிலேயே வில்லன் இருக்கிறானா?

கன்னியாகுமரி என்ற பெயருக்குக் காரணமே ஒரு வில்லன்தான். பாணாசுரனுக்கு ஒரு கன்னியால் மட்டுமே சாவு. அதற்காகத்தான் பகவதி கன்னியாகவே நிற்கிறாள். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட சிவன் நல்ல நேரத்துக்குள் வந்து சேராதபடி, நாரதர் சேவலாகக் கூவுகிறார். பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்து வழுக்கம்பாறையிலேயே சிவன் திரும்பிவிடுகிறார். கல்யாணம் நின்றுபோகிறது. அந்தக் கோபத்தோடு நின்றவளிடம்தான் பாணாசுரன் வந்து மாட்டுகிறான்.

போன ஆண்டு ஆவணி மாதம் இதற்கு முன்கதை எழுதச் சொன்னேன். புராணத்திலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் கொடுத்தேன். பாணன், மகாபலியின் மகன். வாமனன் அழுத்திப் பாதாளத்துக்கு அனுப்பிய அதே மகாபலி. ஓணத்துக்கு ஆண்டுதோறும் தன் மக்களைப் பார்க்க வருவதாக நாம் பூக்கோலமிட்டுக் காத்திருக்கும் அதே மகாபலி.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருகிறாள். தோவாளைக்காரி. அப்பாவுக்குப் பூச்சந்தையில் கடை. ஓணத்துக்கு முந்திய பத்து நாள் அவருக்கு இரவும் பகலும் கிடையாது. கேரளத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு வாடாமல்லியும் கிரேந்தியும் கிலோக் கணக்கில் நிறுத்துப்போட வேண்டும். அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் சிறுவன் பாணன் வாசலில் பூப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பா வருகிறார். ஒவ்வொரு வீடாகப் போகிறார். எல்லோரையும் நலம் விசாரிக்கிறார். இவன் வீட்டுக்கு வருவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. "ஆண்டுக்கு ஒரு நாள்தான் விடுகிறார்கள், ஊர் பெரியது" என்று எழுதியிருந்தாள். பத்தாவது ஓணத்தில் பாணன் பூவை வாரி எறிந்துவிட்டுத் தவம் செய்யப் போகிறான்.

இரண்டாவது கேள்வியையும் அவள் மறக்கவில்லை. வரம் கேட்கும்போது, தன்னைக் கொல்லக் கூடாதவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறான். தேவர்கள், முனிவர்கள், யானைகள், பாம்புகள். பக்கத்து வீட்டில் பூக்கோலம் போட்டுக்கொண்டிருந்த சின்னப் பெண் நினைவுக்கு வருகிறாள். "இவளால் என்ன முடியும்" என்று விட்டுவிடுகிறான்.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அவள் அப்பா அன்று கூட்டிப்போக வரவில்லை. வந்தது மாமா.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவரலாமா?

தாராளமாக. பழைய அட்டைப்பெட்டியை வெட்டிப் பாவை செய்து, வெள்ளை வேட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்து ஆட்டிக்காட்டட்டும். வசனம் தானாக வரும்.

என் பிள்ளை பாதியில் நிறுத்திவிடுகிறான். முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தோவாளைப் பெண் ஐந்து மாதம் பாணனைத் தொடவில்லை. தை மாதம் ஒரு சனிக்கிழமை பின்கதையோடு வந்தாள். கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த அரிசி சமைக்கப்படாமலே மணலாகிப்போனது என்று சொல்வார்கள் அல்லவா? இன்றும் குமரிக் கடற்கரையில் அரிசிபோன்ற அந்த மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அவள் கதை, அன்று பந்திக்கு வந்திருந்த சமையல்காரர்களைப் பற்றியது. அடுப்பு மூட்டி, உலை கொதித்து, அரிசி போடுவதற்குத் தயாராக இருக்கிறார்கள். சேவல் கூவுகிறது. மாப்பிள்ளை வரவில்லை. கொதிக்கிற தண்ணீரை என்ன செய்வது என்று தலைமைச் சமையல்காரர் கேட்கிறார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.